கூடமாட ஒத்தாசை

எழுத்துக்குப் பெயர் வைத்த தமிழர்கள் துணிவரைக்கும் போகவில்லை, நூலோடு நின்றுகொண்டார்கள். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘டெக்ஸ்ட்’ என்ற சொல், நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அங்கே பிரதி என்பது நெய்து முடித்த துணி. நமக்கோ அது நூல். அதன் இன்னொரு பெயரான பனுவலுக்கும் பஞ்சு, இழை என்ற பொருள்கள் உண்டு. செய்யுளைக் குறிக்கும் ‘பா’ நெசவுப் பாவையும் குறிக்கும். மூன்றுமே தறியில் நாடா ஓடத் தொடங்குவதற்கு முந்தைய கட்டத்துச் சொற்கள். தமிழ்நாட்டு நெசவு வீடுகளில் அந்தக் கட்டத்து வேலைகள் பெரும்பாலும் யார் கையில் இருந்தன, இருக்கின்றன என்று யோசித்தால், நம் இலக்கியக் கலைச்சொற்கள் பெண்களின் வேலையிடத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று சொல்லத் தோன்றுகிறது. எடுத்தவர்கள் சொல்லிவிட்டு எடுத்தார்களா என்பது வேறு விஷயம்.

நன்னூல் ஒருவகையில் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய அந்த இலக்கணத்தின் பாயிரப் பகுதியில், நூலுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை விளக்கும் வெண்பா ஒன்று இருக்கிறது. சொற்கள் பஞ்சு. செய்யுள் இழை. புலவனின் வாய், நூற்பவளின் கை. அவன் அறிவு, அவள் சுழற்றும் கதிர். புலவனே அங்கு நூல் நூற்கும் பெண்ணாக உருவகிக்கப்படுகிறான். முதுகலை வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவிகளின் முகம் மலரும். இலக்கண நூலில் ஒரு பெண் எட்டிப்பார்க்கிறாள் அல்லவா? அப்போது நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த வெண்பாவில் நூற்பது யார்? புலவன். ஆண்பால் விகுதியோடு, எழுவாயாக அவன் நிற்கிறான். ராட்டை முன்னால் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தவள் அவனை விளக்க வந்த உருவகம். உருவகமாக வர ஒப்புக்கொண்டால் பெண்ணுக்கு இலக்கணத்தில் இடமுண்டு. ஆசிரியராக வரவேண்டும் என்றால் அவ்வையார், காக்கைபாடினியார் என்று விரல்விட்டு எண்ணவேண்டியிருக்கிறது.

நூல், இழை, பாவு என்று வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பவள் ஒருமுறையாவது அவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கைவினைக் கூடம் நடத்திய தொடக்கநிலைத் தறி நெசவுப் பயிற்சியில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள். கட்டணம் நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய். எட்டுப் பேர், எட்டுப் பேரும் பெண்கள். ஐ.டி. வேலையை விட்டு ஒரு வருட ஓய்வில் இருந்த இளம்பெண், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் வந்தவர், இப்படி. கூடத்தின் விளம்பரத்தில் நெசவு என்ற சொல்லைவிட மன அமைதி என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. தியானம், நிதானம், உங்களுக்கே உங்களுக்கான நேரம் என்று தொடர்ந்தது அது.

இந்த விளம்பர மொழியைக் கிண்டல் செய்வது சுலபம். பட்டினியில் நெசவாளர்கள் செத்த நாட்டில் வசதியான பெண்கள் தறியைப் பொழுதுபோக்காக்கிக்கொள்கிறார்கள் என்று என் தோழி ஒருத்தி, இடதுசாரி, முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நூல் கிடைக்காமல் கைத்தறி நெசவாளர் குடும்பங்கள் பட்ட பாட்டை தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் ‘பஞ்சும் பசியும்’ நாவலாக எழுதினார். அந்தத் தலைப்பிலுள்ள இரண்டு சொற்களையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு ‘தறித் தியானம்’ என்பது நாக்கில் ஒட்டாது. ஆனாலும் பெண்கள் இரண்டு நாள் தங்களுக்காக ஏதாவது செய்தால் மட்டும் உடனே வர்க்கக் கணக்கைக் கையிலெடுக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடானது இல்லை. அதே சனி ஞாயிறில் கிரிக்கெட் பார்க்கும் கணவர்களிடம் யாரும் அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. இருபத்தைந்து வருடம் மற்றவர்களின் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்பத் தன் நாளை வகுத்துக்கொண்டவள், ஒரு ஊடையை விட்டு, அச்சை இழுத்து அடித்து, அடுத்த ஊடைக்குக் கைநீட்டும்போது அந்த ஒலிக்கு நடுவே வேறு யார் குரலும் அவளுக்குக் கேட்காது. அந்த வங்கி அதிகாரியம்மா மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மறுத்துவிட்டார். அது போலி இன்பம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் அது கிடைத்தது.

என் விமர்சனம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. நாங்கள் போனபோது எட்டு மேசைத்தறிகளிலும் பாவு ஏற்றப்பட்டுத் தயாராக இருந்தது. பத்து அங்குல அகலம், இரண்டு மீட்டர் நீளம், பருத்தி. ஒவ்வொரு தறியிலும் நூற்று அறுபது இழைகள். ஒவ்வோர் இழையும் முதலில் அதற்குரிய விழுதின் கண்ணுக்குள் வரிசை பிசகாமல் போயிருக்கவேண்டும். பிறகு அச்சின் பற்களுக்கு இடையே வந்திருக்கவேண்டும். பிறகு இழுவிசை எங்கும் ஒன்றாக இருக்கும்படி கட்டப்பட்டிருக்கவேண்டும். இவ்வளவும் முடிந்திருந்தன. நெம்புகோல்களைத் தட்டி, ஒன்றையும் மூன்றையும் தூக்கு, நாடாவை விடு, அடி, இரண்டையும் நான்கையும் தூக்கு, விடு, அடி என்பதுதான் எங்களுக்கு மிச்சம். பயிற்றுநர், வடிவமைப்புக் கல்லூரியில் படித்த கனிவான இளம்பெண், ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: “வார்ப் போடறதுக்கே ஒரு நாள் போயிடும் மேம். ரொம்ப போர். அதனால நாங்களே செட் பண்ணி வச்சிட்டோம். நீங்க ஜாலியா நெய்யற பார்ட்டை மட்டும் பண்ணலாம்.”

அந்த ‘போர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். பாவு போடுவது சலிப்பான வேலை என்பது உண்மை. அதைவிட உண்மை, துணியின் அகலம், நெருக்கம், கோடு, கட்டம், வலிமை, பிழை எல்லாமே பாவில் தீர்மானமாகின்றன என்பது. ஓர் இழை தவறான விழுதில் கோக்கப்பட்டால் இரண்டு மீட்டர் துணியிலும் அந்தத் தவறு நேர்கோடாக ஓடும். ஊடையில் நேரும் பிழையை அந்த இடத்திலேயே பிரித்துச் சரிசெய்துவிடலாம். எங்கள் எட்டுப் பேர் துணியும் முதல் நாள் நடுவில் இடுங்கி, கரை உள்வாங்கிக்கொண்டது. ஊடையை இறுக்கி இழுக்காமல் சற்றுச் சாய்வாக விடச் சொன்னார் பயிற்றுநர். சரியாகிவிட்டது. பாவு மன்னிக்காது. ஆக, சிந்தனையும் கணக்கும் பொறுமையும் கேட்கிற பாதி ‘போர்’ என்று கழிக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியும் பாதி ‘நெசவு’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. இரண்டாம் நாள் மாலை ஆளுக்கொரு சிறு விரிப்போடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். “நானே நெய்தது” என்று வாட்ஸப்பில் போட்டுக்கொண்டோம்.

அந்தக் கூடத்தில் பாவு போட்டவர் ஞாயிறு மதியம் வந்தார். அடுத்த வார வகுப்புக்காகப் பின்னறையில் வேறு தறிகளில் இழை கோக்கத் தொடங்கினார். ஐம்பது வயது இருக்கும். ஆரணிப் பக்கம். மகள் வீட்டோடு சென்னைக்கு வந்தவர். நான் அருகில் போய் நின்று ஏதோ கேட்டேன்.

“கொஞ்சம் இருங்க மேடம். பேசினா எண்ணிக்கை போயிடும்.”

நின்றேன். நாற்பது இழை முடித்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஊர்ல தறி இருக்காக்கா?”

“ரெண்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான்.”

“நீங்க நெய்வீங்களா?”

“நான் எங்க மேடம் நெய்யறது? அவருதான் நெய்வாரு. நான் சும்மா கூடமாட ஒத்தாசைக்கு.”

அந்த ஒத்தாசை என்னவென்று கேட்டேன். சிட்டத்தைப் பிரித்து ராட்டையில் தார் சுற்றுவது. பழைய பாவு தீரும் தறுவாயில் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பழையதோடு புணைப்பது. விடியலில் தெருவில் பாவு நீட்டும்போது கூட நின்று அறுந்த இழை கட்டுவது. கோர்வைச் சேலை என்றால் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவை விட்டுக்கொடுப்பது. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக அமையும் அந்தச் சேலையை ஒற்றை ஆளால் நெய்வது கடினம். இதோடு சமையல், பிள்ளைகள், மாமியார். முப்பது வருடம். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கையெழுத்து அவருடையது. சங்கத்து அட்டை அவர் பேரில்.

இந்தக் கூடத்தில் தறிக்கு முந்நூறு ரூபாய் கொடுக்கிறார்களாம். “ஊரைவிட இங்க பரவாயில்ல. என் கையில தர்றாங்க” என்றார். இதையும் எழுதத்தான் வேண்டும். முப்பது வருட வேலைக்கு முதன்முதலாகத் தனியாக ஒரு விலையை வைத்தது நான் குறைசொல்லிக்கொண்டிருக்கும் இதே கூடம்தான். சம்பளத்தை வைத்தார்கள், பெயரை வைக்கவில்லை. சுவரில் பயிற்றுநர், நிறுவனர், புகைப்படக்காரர் எல்லோருடைய பெயரும் இருந்தன.

‘சும்மா’ என்ற சொல்லை அகராதி தொகுப்பவர்கள் இன்னும் பெண்களிடம் கேட்டு எழுதவில்லை என்று நினைக்கிறேன். ஆண்களின் ஆன்மிகத்தில் சும்மா இருப்பது உச்சநிலை. அருணகிரிநாதருக்கு முருகனே அதைத்தான் உபதேசித்ததாகச் சொல்வார்கள். பெண்ணிடம் “என்ன பண்றீங்க” என்று கேட்டால், ஐந்து பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்தவள் “வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்கிறாள். ஒரே சொல் ஒருவருக்கு ஞானம், இன்னொருவருக்கு வேலை என்று பெயரில்லாத வேலை. ‘கூடமாட ஒத்தாசை’ இதன் தங்கை. தறிக்காரர் வீட்டில் மட்டுமா? கடைக்காரர் மனைவி, மண்பாண்டக்காரர் மனைவி, மருத்துவர் மனைவி, எழுத்தாளர் மனைவி எல்லோரும் இந்த ஒத்தாசையில்தான் இருந்திருக்கிறார்கள்.

அரசின் கணக்கெடுப்பிலும் இதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர் என்று ஒரு வகை, துணைத் தொழிலாளர் என்று இன்னொரு வகை. 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கணக்கெடுப்பு நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. நெசவாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் ஆரணிக்காரரின் பதில் குழப்பமாகத் தெரியும். பெண்கள் இவ்வளவு பேர் நெய்கிறார்களா? நெய்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அசாம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிறார்கள். அங்கே தறி என்பது பெண்ணின் பொருள். வீட்டுத் தேவைக்கு நெய்வதும் திருமணத்துக்கு முன்பே நெசவு பழகுவதும் அங்கே நெடுங்கால வழக்கம். சந்தைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும், குழித்தறியில் கால் வைக்கும் இடம் மரபாக ஆணுடையது. இன்று இங்கும் பெண்கள் தறியில் உட்காருகிறார்கள், ஆண்கள் வேறு வேலை தேடிப் போனபிறகு. அடுப்படியில் பெண், கல்யாண மண்டபத்தில் தலைமைச் சமையல்காரர் ஆண் என்ற அதே ஏற்பாடு. எந்த வேலை யாருக்கு இயல்பு என்பதை உடம்பு தீர்மானிப்பதாக நமக்குச் சொல்லித்தருகிறார்கள். கூலி தீர்மானிக்கிறது என்றுதான் தறி காட்டுகிறது.

இதற்கு ஜெர்மனியில் ஒரு தலைகீழ்ச் சான்று இருக்கிறது. 1919இல் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளி, ஆண் பெண் வேறுபாடில்லாமல் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமான பெண்கள் வந்து சேர்ந்ததும் பள்ளி பயந்துவிட்டது. கட்டடக்கலை, உலோகம், மரம் என்று அவர்கள் கேட்ட வாசல்கள் சாத்தப்பட்டன. பெண்களின் இயல்புக்கு ஏற்றது என்று நெசவுப் பட்டறை காட்டப்பட்டது. 1922இல் அங்கு போன ஆனி ஆல்பர்ஸ் கண்ணாடி வேலை கற்க விரும்பினார். கிடைத்தது தறி. காஞ்சிபுரத்தில் ஆணுக்கே உரிய திறன் என்று கருதப்பட்ட அதே நெசவு, வைமரில் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத மென்மையான வேலை ஆகிவிட்டது. ஓரம்கட்டப்பட்ட அந்தப் பட்டறையை குன்டா ஷ்டோல்ஸ்ல் தலைமையேற்று, பள்ளிக்கு வருமானம் ஈட்டித்தந்த பிரிவுகளில் ஒன்றாக வளர்த்தார். ஆல்பர்ஸ் அமெரிக்காவுக்குப் போய், 1949இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்தார். நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது. 1965இல் நெசவைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களைத் தன் ஆசிரியர்களாகச் சொல்லி அவர்களுக்குச் சமர்ப்பித்தார். யாரிடம் கற்றோம் என்று எழுதத் தெரிந்தவர்.

ஃபிராய்டையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம், அதற்கு மேல் அவருக்கு இங்கே இடமில்லை. 1933இல் வெளிவந்த பெண்மை குறித்த உரையில், நாகரிக வரலாற்றின் கண்டுபிடிப்புகளில் பெண்களின் பங்கு சொற்பம், பின்னலும் நெசவும் வேண்டுமானால் அவர்களுடையவையாக இருக்கலாம் என்றார். அதற்கும் பெண்ணின் வெட்கத்தைக் காரணமாக்கினார். மனிதகுலம் முழுவதையும் குளிரிலிருந்து காப்பாற்றிய ஒரு தொழில்நுட்பத்தைச் சொற்பம் என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ.

நம் இலக்கியத்துக்கு வருகிறேன். சங்கப் பாடல்களில் நூற்கும் பெண்ணைப் பருத்திப் பெண்டு என்கிறார்கள். நற்றிணையில் நுண்ணிய நூல் நூற்பவர்கள் ‘ஆளில் பெண்டிர்’, துணை இல்லாத பெண்கள். ஆங்கிலத்தில் நூற்பவளைக் குறித்த சொல்லே பிற்காலத்தில் மணமாகாதவளைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக மாறியதை நினைத்துக்கொள்ளலாம். ஆணில்லாத பெண்ணின் பிழைப்பு கடல் கடந்தும் நூலில்தான் இருந்திருக்கிறது. புறநானூற்றில் 326ஆம் பாடல் தங்கால் பொற்கொல்லனார் பாடியது. இரவில் காட்டுப்பூனையைக் கண்டு அஞ்சி ஒரு பெட்டைக்கோழி அலறுகிறது. பருத்தியின் தூசும் செத்தையும் புடைக்க எழுந்த பெண்ணின் சிறுவிளக்கு வெளிச்சத்தில், தன் சேவலைக் கண்டு அது அமைதியடைகிறது. அழகான காட்சி, கோழியின் பயம் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அவள் ஏன் விழித்திருக்கிறாள் என்பதைப் பாடல் கேட்பதில்லை. பகலில் வேறு வேலை இருந்திருக்கும். பாடலின் பொருள் வேறொரு வீரனின் சிறப்பு. அவள் விளக்குப் பிடித்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இன்னொரு விளக்கும் நமக்குத் தெரியும். வள்ளுவர் நெசவாளி என்று வழங்கும் செவிவழிக் கதையில், பட்டப்பகலில் தறியிலிருந்து கீழே விழுந்ததைத் தேட விளக்குக் கொண்டுவரச் சொல்கிறார் அவர். ஏன் என்று கேட்காமல் வாசுகி விளக்கேற்றி வருகிறாள். கற்புக்கும் இல்லறத்துக்கும் சான்றாகப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் குறைவு. பெண்ணியவாதிகள் அவளது கீழ்ப்படிதலைக் கேள்வி கேட்டோம், அது சரிதான். நாங்களும் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. நெசவாளி வீட்டுக் கதை என்றால் வாசுகி காலையிலிருந்து தார் சுற்றியிருக்கவேண்டும். நாடாவுக்குள் இருந்த தார் அவள் சுற்றியது. பாவில் பாதி அவள் புணைத்தது. கதை அந்த வேலைகளை முழுதாக எடுத்துவிட்டு, அவள் கையில் தேவையே இல்லாத ஒரு விளக்கைக் கொடுக்கிறது. உழைப்பை அழித்த இடத்தில் பணிவை வரைந்திருக்கிறார்கள்.

இந்த வரிசையில்தான் ‘காஞ்சிவரம்’ படத்தையும் நான் பார்க்கிறேன். சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. பிரியதர்ஷன் இயக்கம், பிரகாஷ்ராஜின் நடிப்பு மறக்க முடியாதது. பட்டு நெய்பவன் தன் மகளைப் பட்டுடுத்தி மணமுடித்துத் தர ஆசைப்பட்டு இழை இழையாகத் திருடிச் சேர்க்கிறான். வர்க்கக் கொடுமையை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன தமிழ்ப் படம் அரிது. ஆனால் அங்கே நெய்பவன் ஆண், அந்தச் சேலை போய்ச் சேரவேண்டிய உடல் பெண். தகப்பனின் துயரத்துக்கும் மகளின் பிணத்துக்கும் நடுவே, நெசவு வீட்டின் பெண்கள் தங்கள் தொழிலோடு நிற்க இடமே இல்லாமல் போகிறது. அவர்கள் உடுத்துபவர்கள், அல்லது உடுத்தக் கிடைக்காதவர்கள்.

பெண் கவிகளாகிய நாமும் நெசவைக் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். சொற்களை நெய்கிறோம், மௌனத்தை இழைக்கிறோம், வலியைப் பின்னுகிறோம். கவிதைத் தொகுப்புகளின் பின்னட்டையில் ‘நெய்யப்பட்ட’ என்ற சொல் வராமல் இருந்தால் ஆச்சரியம். 1984இல் ரோசிகா பார்க்கர் தையல்கலை வரலாற்றை எழுதியபோது, ஊசிவேலை பெண்ணைப் பழக்கி அடக்குவதற்கும், அதே பெண் தன்னைச் சொல்லிக்கொள்வதற்கும் கருவியாக இருந்ததைக் காட்டினார். அதற்குப் பிறகு உலகமெங்கும் பெண்ணிய விமர்சனத்தில் ஊசியும் தறியும் பெண் எழுத்தின் அடையாளங்களாகப் பரவின. எனக்கு அந்த மரபின் மேல் மதிப்புண்டு. பவணந்தியின் வெண்பாவில் நூற்பவளின் இடத்தில் புலவன் போய் உட்கார்ந்ததுபோல, இன்று அவள் இடத்தில் நாம் போய் உட்காருகிறோம் என்பதும் உண்டு. பால் மாறியிருக்கிறது. பின்னறையில் எண்ணிக்கொண்டிருப்பவளின் வாயிலிருந்து இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. உருவகம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எந்த வேலையிலிருந்து அது வந்தது, அந்த வேலையின் பகுதிகளுக்கு என்ன பெயர், செய்தவருக்கு என்ன கூலி என்று தெரிந்துகொண்டு எழுதினால் அந்தக் கவிதையே வேறாக இருக்கும் என்பது என் அனுபவம். பாவு புணைக்கும்போது இழையின் முனைகளை விரலில் உருட்டும் விதத்தைப் பார்த்தபிறகு, ‘இணைத்தல்’ என்று சும்மா எழுத எனக்குக் கை வரவில்லை.

என்னிடம் முனைவர் பட்டம் செய்யும் மாணவி ஒருத்தி நெசவாளர் குடும்பத்துப் பெண். நெசவுத் தொழில் வழக்குச் சொற்களைத் தொகுக்கிறாள். முன்னூறுக்கும் மேற்பட்ட சொற்கள், அவற்றில் பல எந்த அகராதியிலும் இல்லாதவை. பாவு தொடர்பானவை மட்டும் தொண்ணூறு. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தகவலாளர் பெயர், வயது, தொழில் என்று பத்திகள் உண்டு. முதல் வரைவில் எல்லாமே ஆண்களின் பெயர்கள், தொழில் நெசவாளர். பாவுச் சொற்களைச் சொன்னது யார் என்று கேட்டேன். தயங்கிவிட்டு, “பாதிக்கு மேல எங்கம்மா சொன்னதும்மா” என்றாள். அப்படியானால் அம்மா பெயரைப் போடு என்றேன். தொழில் பத்தியில் என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் ‘இல்லத்தரசி’ என்று எழுதி அடித்தாள். ‘துணைத் தொழிலாளர்’ என்று எழுதி, அதையும் அடித்தாள். அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று என் அறையிலிருந்தே போன் போட்டாள். ஸ்பீக்கரில் தார் சுற்றும் ராட்டையின் ஓசை கேட்டது.

“எம்பேரு எதுக்குடி அதுல? உங்கப்பா பேரைப் போடு. நான் என்ன, சும்மா கூடமாட செய்யறதுதானே.”

போனை வாங்கி நானும் பேசிப் பார்த்தேன். “நீங்க சொல்லிக் குடுத்ததுதானேம்மா, உங்க பேர் வரணும்ல” என்றேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. ராட்டையை நிறுத்திவிட்டார் போலிருந்தது. பிறகு, பேரைப் போட்டால் சங்கத்தில் ஏதாவது கேட்பார்களா என்று விசாரித்தார். மாட்டார்கள் என்றேன். அவர் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல, மாணவி எழுதிக்கொண்டாள். தொழில் என்ற இடத்தில் பென்சிலால் ‘பாவு போடுபவர்’ என்று எழுதி, மேலே அடைப்புப் போட்டு, என்னைப் பார்த்தாள். பேனாவால் எழுதச் சொன்னேன்.